கைத்தச்சு – 17: ஷோகேஸுக்கு எந்தக் கண்ணாடி?

வீட்டிலேயே ஷோகேஸ் செய்ய நினைப்பவர்கள் தேக்கா, ரப்பர் மரமா, பிளைவுட்டா என்று வாரக்கணக்கில் யோசிப்பார்கள். கண்ணாடிக்கு வந்ததும் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: “எத்தனை எம்.எம்.?” நாலு என்று சொல்ல நினைத்தவர், எதற்கும் பலமாக இருக்கட்டும் என்று ஐந்தோ ஆறோ சொல்லிவிடுகிறார். கனம் கூடினால் பத்திரமும் கூடும் என்ற இந்தக் கணக்கு பாதிதான் சரி. கனமான கண்ணாடி உடைய அதிக அடி வேண்டும், உண்மை. ஆனால் குழந்தை ஓடிவந்து மோதினாலும், கிரிக்கெட் பந்து பட்டாலும், என்றாவது ஒருநாள் அது உடையும் என்று வைத்துக்கொண்டே தேர்வு செய்ய வேண்டும். அப்போது கேட்க வேண்டியது, உடைந்த கண்ணாடி என்னவாகும் என்பது.

கடையில் சாதா கண்ணாடி என்று தருவது ஃப்ளோட் கண்ணாடி. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் இந்த முறையை பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. உள்ளே இறுக்கம் எதுவும் தங்காதபடி நிதானமாக ஆறவைப்பதால், கட்டர் முனையால் ஒரு கோடு கீறிக் கச்சிதமாக ஒடிக்க முடிகிறது. அதே குணத்தால்தான் விபத்தில் உடையும்போது விரிசல்கள் நீளமாக ஓடி, முனை கூர்த்த பட்டைகளாகப் பிளக்கிறது. எடையையும் பாருங்கள். 1 சதுர மீட்டர் கண்ணாடி, 1 மி.மீ. கனத்துக்கு 2.5 கிலோ. இரண்டடிக்கு நாலடிக் கதவில் 4 மி.மீ. போட்டால் ஏறக்குறைய ஏழரை கிலோ, 8 மி.மீ. என்றால் 15 கிலோ. கீல் தொங்குவது ஒருபுறம் இருக்கட்டும். உடைந்து காலில் விழும் சில்லும் இரண்டு மடங்கு கனமாகத்தான் விழும்.

டஃபன்ட் கண்ணாடியும் பிறப்பில் இதே ஃப்ளோட்தான். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைக்கிறார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. பிறகு ஆறும் நடுப்பகுதி சுருங்கப் பார்த்து மேல்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. கண்ணாடியில் விரிசல் தொடங்குவது பெரும்பாலும் மேல்பரப்பின் நுண்கீறலில். நெருக்கிப் பிடிக்கப்பட்ட பரப்பில் அந்தக் கீறல் எளிதில் வாய் திறக்காது. அதனால் அதே கனமுள்ள சாதா கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் விட்டால் கிடைக்கும் ‘ரூபர்ட் துளி’யை லண்டன் ராயல் சொசைட்டி 1661இலேயே ஆராய்ந்தது. தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும் அந்தத் துளி, வாலைக் கிள்ளினால் பொடிப்பொடியாகும். டஃபன்ட் தகட்டிலும் விரிசல் நடுப்பகுதியை எட்டிவிட்டால் அடைபட்ட இறுக்கம் மொத்தமும் ஒரே நொடியில் விடுபட்டு, தகடு முழுவதும் சிறுசிறு கட்டிகளாக உதிர்கிறது. கை சிராய்க்கலாம், நரம்பை அறுக்கும் நீளச் சில்லு வருவது அரிது. முழங்கால் உயரத்துக்கு இறங்கும் ஷோகேஸ் கதவுக்கு, குழந்தைகள் உள்ள வீட்டில், இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

“தாத்தா காலத்து அலமாரியில் சாதா கண்ணாடிதானே, என்ன ஆகிவிட்டது?” என்பார்கள். அந்த அலமாரிகளின் கதவை மறுபடி பார்த்தால் பதில் கிடைக்கும். குறுக்குச் சட்டம் போட்டு நாலாகவோ ஆறாகவோ பிரித்து, சிறு துண்டுகளைப் பதித்திருப்பார்கள். ஒன்று உடைந்தால் ஒன்றோடு போயிற்று. இன்றைக்கு நாம் கேட்பது மேலிருந்து கீழ்வரை ஒரே தகடு. பழைய கதவின் அமைப்பைக் கைவிட்டுவிட்டு அதன் கண்ணாடியை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை. இன்னொரு ஆட்சேபம், டஃபன்ட் தானாகவே வெடிக்கும் என்பது. இது வதந்தி அல்ல. கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகள், பின்னாளில் மெல்லப் பருத்து உள்ளிருந்து உடைப்பதுண்டு. ஆனால் அது அபூர்வம், அப்போதும் உதிர்வது கட்டிகளாகத்தான். அக்ரிலிக்கைப் பொறுத்தவரை எடை பாதிக்கும் குறைவு, சில்லு பயம் இல்லை. தூசியை இழுக்கும், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். கதவுக்கு அது வேண்டாம் என்பேன்.

அப்படியானால் எங்கும் டஃபன்ட்தானா? தட்டுகளுக்கு அந்த விதி பொருந்தாது. டஃபன்ட் தட்டு உடைந்தால் மேலே இருப்பதெல்லாம் அதே நொடியில் கீழ்த்தட்டின் மேல் விழும். தவிர, பலம் கூடினாலும் விறைப்பு கூடுவதில்லை. பாரம் ஏற்றினால் சாதா கண்ணாடி வளையும் அளவுக்கே இதுவும் வளையும். இங்கேதான் லேமினேட்டட் கண்ணாடிக்கு வேலை. 1903இல் பிரெஞ்சு வேதியியலர் பெனடிக்டஸின் கைதவறி விழுந்த குடுவை, உள்ளே படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலத்தால் விரிசலோடு நின்றதில் பிறந்த யோசனை இது. இன்று இரண்டு 3 மி.மீ. தகடுகளுக்கு நடுவே 0.38 மி.மீ. பி.வி.பி. படலம் வைத்து, 6.38 என்று கடையில் சொல்வார்கள். உடைந்தாலும் சில்லுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். புற ஊதாக் கதிரைப் பெரும்பகுதி இந்தப் படலமே தடுத்துவிடுவதால், வெயில் படும் சுவரில் பட்டுத்துணி பொம்மையோ பழைய புகைப்படமோ வைப்பவர்கள் முன்கதவுக்கும் இதைப் போடலாம். விலை அதிகம். ஐம்பொன் சிலைகளை அடுக்கப் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு, கண்ணாடித் தட்டே வேண்டாம். முக்கால் அங்குலப் பலகை போடுங்கள்.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை சிலவே. மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். கண்ணாடி அப்படி இடம் கொடுக்காது. காடியில் சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி விட்டு, கீழே ரப்பர் துண்டின் மேல் உட்கார வையுங்கள். ஆணித்தலையோ ஸ்க்ரூவோ ஓரத்தைத் தொடவே கூடாது. டஃபன்ட் கண்ணாடியின் பலவீனம் முழுவதும் ஓரத்திலும் மூலையிலும் இருக்கிறது. லேமினேட்டட் ஓரத்துக்கு வினிகர் நெடி அடிக்கும் சிலிகான் ஆகாது, அது நடுப்படலத்தை அரிக்கும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது மூலையில் அழியாத முத்திரையும் ஐ.எஸ். 2553 எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் போலராய்டு குளிர்க்கண்ணாடி வழியாகப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டஃபன்ட் என்றால் புள்ளிகளோ பட்டைகளோ நிழலாகத் தெரியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: டஃபன்ட் ஆன பிறகு அதை வெட்டவோ, துளை போடவோ, ஓரம் தேய்க்கவோ முடியாது. கைப்பிடித் துளை உட்பட எல்லாம் முன்பே முடிய வேண்டும். ஆகவே கதவுச் சட்டத்தை முழுதாகச் செய்து, கீலில் மாட்டி, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பார்த்த பிறகே அளவெடுத்துக் கடைக்குக் கொடுங்கள்.