ஒரு புல்லட்டுக்கு எத்தனை பிறந்த தேதி?

எர்ணாவூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா ஓட்டிய புல்லட். ஆர்.சி. புக்கில் 1972 என்று இருக்கிறது. ஆனால் வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "இன்ஜின் வேற, கியர் பெட்டி வேற, டேங்க் ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்று சொல்லிவிட்டாராம். "அப்பாவை ஏமாற்றிவிட்டார்களா?" என்று கேட்கிறார்.

இருக்காது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்த புல்லட் பிறந்ததே கலப்பாகத்தான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக நம்மூரிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அந்த இடைக்காலத்து வண்டிகளில் சீமைச் சாமானும் உள்ளூர்ச் சாமானும் ஒரே சட்டத்தில் குடித்தனம் நடத்தின.

1970க்குள் சீமையில் தயாரிப்பே நின்றுபோனது. நம்மவர்களோ 1955ஆம் வருட வடிவத்தைப் பெரிதாகத் தொடாமல் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள்: 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. 1977இல் அதையே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் செய்தார்கள். வண்டி மாறாததால், இருபது வயது இளைய புல்லட்டின் சாமான்களில் பல மூத்ததற்கும் பொருந்தும். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் எதையாவது வாங்கி மாட்டினால் வண்டி ஓடும். வயது கண்டுபிடிப்பதுதான் பாடு.

பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டில் இன்ஜினும் கியர் பெட்டியும் தனித்தனி வார்ப்புகள். பின்னால் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அதனால் ஒன்றை விட்டு மற்றதை மட்டும் மாற்றலாம். எங்கள் வீட்டு அம்மி பாட்டிக்குச் சீராக வந்தது, குழவி தேரடியில் வாங்கியது. சட்னியில் யாரும் குறை சொன்னதில்லை.

டேங்கில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். 1994இல் ஐஷர் குழுமம் வாங்கிய பிறகுதான் நிறுவனத்தின் பெயர் ராயல் என்ஃபீல்டு மோட்டார்ஸ் ஆனது. ஸ்டிக்கரோ எந்தக் கடையிலும் கிடைக்கும். நம்ப வேண்டியது ஹேண்டில் கழுத்தில் சட்டத்தின் மேல் அடித்த எண்ணையும், சிலிண்டருக்குக் கீழே கிராங்க் கேஸில் அடித்த எண்ணையும். அச்சு அடிக்கும்போது எழுத்துக்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்குகிறது. மேலே அரத்தால் ராவி வேறு எண் அடித்தாலும், தடயவியல்காரர்கள் ரசாயனம் தடவிப் பழைய எண்ணை எழுப்பிவிடுவார்கள். இன்ஜின் மாற்றுவது குற்றமில்லை, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்தால் போதும். எண்ணை ராவுவதுதான் குற்றம்.

எனக்குப் பிடித்த அடையாளம் வேறு. பழைய நாலு கியர் பெட்டியில், வலது பக்கம் கியர் பெடலுக்குப் பின்னால் குதிகாலுக்கு ஒரு குட்டிப் பெடல் இருக்கும். நியூட்ரல் ஃபைண்டர் என்பார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் டாப் கியரில் போகிறீர்கள். முன்னால் கன்டெய்னர் லாரி சட்டென்று நிற்கிறது. நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கி வர வேண்டாம். கிளட்சைப் பிடித்துக் குதிகாலால் ஓர் அமுக்கு, நேராக நியூட்ரல். முதல் கியரில் மட்டும் இந்த வித்தை செல்லாது. 2000க்குப் பின் ஐந்து கியர் பெட்டி வந்து, கியர் இடது காலுக்குப் போனபோது இதுவும் போயிற்று. இன்றைய பைக் எதிலும் இந்தச் சவுகரியத்தை நான் பார்க்கவில்லை.

இதைத்தான் நம் ஆட்கள் முதலில் கழற்றி எறிவார்கள். பெடல் ஆட்டம் கண்டால் ஒரு புஷ் மாற்றப் பொறுமை இல்லை. பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுவிட்டு, அந்தக் காசோடு மேலும் போட்டு பளபளவென்று க்ரோம் கார்டு மாட்டுகிறார்கள். அதற்குப் பெயர் ரெஸ்டோரேஷனாம்! ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்தச் சாமானை எப்போது, எங்கே மாற்றினோம் என்று எழுதிவைத்திருந்தால், எர்ணாவூர்க்காரர் எனக்குக் கடிதம் எழுதும் வேலையே இருந்திருக்காது.

அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சட்டத்து எண் புக்கில் உள்ளதுதான். ஆகவே சட்டம் 1972. இன்ஜின் எண் புக்கில் இல்லாத எண், ஆனால் ராவிய தடம் இல்லை. அப்பா நேர்மையாக இன்ஜின் மாற்றிவிட்டு, பதிய மட்டும் சோம்பல்பட்டிருக்கிறார். கியர் பெட்டி பழைய நாலு கியர்தான். குதிகால் பெடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தண்டு மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. புதுப்பேட்டைக்குப் போனால் முதலில் அதைக் கேளுங்கள்.