முதலில் எர்த்தைப் பாருங்கள்

பழைய புல்லட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பணத்தை இன்ஜினிலும் பெயின்டிலும் கொட்டுகிறார்கள். வயரிங்குக்கு மிஞ்சுவது ஒரு சுருள் கறுப்பு டேப்தான். சேஸிஸைத் தனியே கழற்றி, துருவெடுத்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, பளபளவென்று ஷெட்டை விட்டு வெளியே வருகிறது வண்டி. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிய மறுக்கிறது. அதற்குப் பதிலாக, ஹெட்லைட்டுக்கு மேலே இருபுறமும் இருக்கும் குட்டி பைலட் விளக்குகள் லேசாக மினுக்குகின்றன. பேட்டரியை மாற்றச் சொல்வார் ஒருவர். ஸ்விட்ச் போச்சு என்பார் இன்னொருவர். அனேகமாகக் குற்றவாளி அந்த அழகான பெயின்ட்தான்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கரென்ட் வயர் வழியாக விளக்குக்குப் போகிறது. திரும்பி வர பல இடங்களில் தனி வயர் கிடையாது. மட்கார்டு, போல்ட், சேஸிஸ் என்று இரும்பின் வழியாகவே நெகட்டிவ் முனைக்கு வந்து சேர வேண்டும். ஹெட்லைட் பக்கத்து எர்த் இன்னும் மோசம்: ஹேண்டில் திரும்பும் இடத்தில் கிரீஸில் ஊறிக்கிடக்கும் பேரிங் குண்டுகளைத் தாண்டி வர வேண்டும். பவுடர் கோட்டிங் கரென்ட்டைக் கடத்தாது. போல்ட் உட்காரும் இடத்தில் அதைச் சுரண்டாமல் மாட்டினால் வழி அடைபட்டது. பின்விளக்கு பல்புக்குள் 5 வாட் இழை ஒன்று, பிரேக்குக்கு 21 வாட் இழை ஒன்று. இரண்டுக்கும் எர்த் பொது. அது அறுந்தால் பிரேக்குக்கு வந்த கரென்ட் 5 வாட் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, பின்விளக்கு வயரிலேயே முன்னால் ஓடி, பைலட் விளக்கு வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. சம்பந்தமில்லாத விளக்கு மினுக்கினால் ஸ்விட்சைத் தொடாதீர்கள். எர்த்தைப் பாருங்கள்.

எர்த் என்று மட்டுமல்ல. பழைய வண்டியில் பாதிக்கு மேல் கோளாறு இணைப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. வயரின் நடுவில் செம்பு தானாக அறுவது அரிது. ஹேண்டில் திரும்பித் திரும்பி மடங்கும் கழுத்துப் பகுதி, டேங்க் அழுத்தும் இடம், பின் மட்கார்டு ஓட்டை, சேறு தெறிக்கும் இடம், முன்பு யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் — தேட வேண்டிய ஊர்கள் இவ்வளவுதான். டேப்பைப் பிரித்தால் பசை ஒழுகும். உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கும்.

அந்தப் பச்சை என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 6 வோல்ட் காலத்து வண்டியில் 30 வாட் ஹெட்லைட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். வழியில் உள்ள இணைப்புகளெல்லாம் சேர்ந்து 0.2 ஓம் தடை கொடுத்தாலே 1 வோல்ட் காணாமல் போகிறது. பல்புக்குக் கிடைப்பது 5 வோல்ட். ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் ஆறில் ஒரு பங்குதானே குறையும் என்று நினைக்கக் கூடாது. இழை பல்பில் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாக விழுந்துவிடும். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்புக்கும் அதே 5 ஆம்பியர், அதே 1 வோல்ட் நஷ்டம். ஆனால் வெளிச்சம் கால் பங்குதான் குறையும். பழைய புல்லட்டில் ராத்திரி ஓட்ட முடியாது என்ற புகாரில் பாதி இந்தக் கணக்குக்குள் அடக்கம். தொலைந்த அந்த 1 வோல்ட் எங்கும் போகவில்லை. இணைப்பில் 5 வாட் சூடாக மாறி பிளாஸ்டிக்கை உருக்கிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க விலை குறைந்த மல்டிமீட்டர் போதும். ஆனால் பெரும்பாலோர் அதைத் தப்பாகப் பிடிக்கிறார்கள். பல்பைக் கழற்றி, மீட்டரை ஹோல்டரில் வைத்து, "12 வருது, லைன் ஓகே" என்பார்கள். கரென்ட் ஓடாதபோது ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட 12 காட்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறு முனை பல்புக்குக் கரென்ட் வரும் இடத்தில். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினால் இடையில் ஏதோ ஒரு ஜாயின்டோ சாவி ஸ்விட்சோ தின்கிறது. இனி நெகட்டிவ் முனைக்கும் பல்பின் எர்த்துக்கும் இடையே அதே சோதனை. அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் போனாலே உப்புத்தாளை எடுக்கலாம். ஹெட்லைட் உறையிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, பின் மட்கார்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒன்று என இரண்டு தனி எர்த் வயர் இழுத்துவிட்டால் பல வருடத் தலைவலி ஒரே மதியத்தில் தீரும்.

இந்தச் சோதனைக்கு முன் உங்கள் ஹெட்லைட் எங்கிருந்து எரிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 100 மாதிரியான வண்டியில் அது நேராக மேக்னெட்டோவிலிருந்து வருகிறது. இன்ஜினை அணைத்தால் விளக்கும் அணையும், ஐடிலிங்கில் மங்கும். அது கோளாறு அல்ல.

பாயின்ட் வைத்த புல்லட்டில் ஓர் அருமையான கருவி இருக்கிறது: ஆம்பியர் மீட்டர். சாவி போட்டு, டிகம்ப்ரஷரை இழுத்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் இடப்பக்கம் சாய்ந்து, பாயின்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. கால் முட்டியைக் காப்பாற்றும் வித்தை இது. முள் சாயவே இல்லை என்றால் காயிலுக்குக் கரென்ட் போகவில்லை அல்லது பாயின்ட் அழுக்கு. ஓடும்போது முள் அங்குமிங்கும் துள்ளினால் எங்கோ லூஸ் கான்டாக்ட். கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் இந்த முள்ளை ஒரு தடவை பார்ப்பது நல்லது. இதே மீட்டரின் பின்புற நட்டு அதிர்வில் தளர்ந்து வண்டி நடுரோட்டில் மொத்தமாகச் செத்துப்போவதும் உண்டு. உதவி செய்கிற கையே காலை வாரும்.

ஃப்யூஸ் போட்டவுடன் போகிறதா? ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டிருக்காமல், ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருந்தால் அது முழு வெளிச்சத்தில் எரியும், வயரும் கருகாது. பிறகு ஒவ்வொரு இணைப்பாகப் பிடுங்கி, வயரை ஆட்டிக்கொண்டே வாருங்கள். எதைத் தொட்டபோது பல்பு அணைகிறதோ, அங்கேதான் ஆள்.

ஒழுங்குபடுத்துவது தனி வேலை. டேங்கைக் கழற்றிப் பெட்ரோலோடு தூரமாக வையுங்கள். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டதும் பொறி பறக்கும். எதையும் பிரிக்குமுன் போன் கேமராவில் படம் எடுத்துவிடுங்கள். முழு வயரிங் செட்டையும் தூக்கி எறிந்து புதிது மாட்டும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் புது செட் கிடைக்கும். பெட்டியிலிருந்து எடுத்த எல்லாம் நல்ல செம்பு என்று அர்த்தமில்லை. பழைய வயர் உறை வெடிக்காமல் வளைகிறது என்றால், முனைகளை வெட்டிப் புது திம்பிள் போட்டாலே போதும். முனையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உறுதி என்பார்கள். ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போய், அது முடியும் எல்லையில் அதிர்வுக்கு ஒவ்வொரு இழையாக முறியும். சரியான கருவியால் நசுக்கிய திம்பிளும், அதன்மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவும் அதைவிட நீண்டு உழைக்கும்.

டேங்கை மாட்டியபின் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். இன்ஜின் திணறக் கூடாது, விளக்கு துடிக்கக் கூடாது. 12 வோல்ட் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும். கடைசியாக, ஃப்யூஸ் ஹோல்டரில் முந்தைய ஓனர் சுருட்டி வைத்த சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டு, அந்த வண்டிக்கு உரிய ஆம்பியர் ஃப்யூஸைப் போடுங்கள். சீட்டுக்கு அடியில் உபரியாக இரண்டு இருக்கட்டும்.