அரசாங்கத்திடம் நஷ்டஈடு கேட்கலாமா?

டீ சொல்லியாகிவிட்டது, உட்காருங்கள். அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து ஒருவர் இறந்துபோகிறார், போலீஸ் காவலில் ஒரு பையன் சாகிறான். அரசு தருகிற பணம் அவர்களாக இரக்கப்பட்டுக் கொடுப்பதா, நாம் கேட்டு வாங்கக்கூடியதா என்றுதானே கேட்டீர்கள்? கேட்டு வாங்கக்கூடியது. ஆனால் அந்த உரிமையை ஒரே சட்டத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. வழக்கு வழக்காக வளர்ந்து வந்தது. அது வந்த வழி தெரிந்தால்தான் இன்று எங்கே போய் என்ன கேட்பது என்று பிடிபடும்.

அரசியல் சட்டத்தின் 300ஆவது பிரிவு அரசின் மேல் வழக்குப் போடலாம் என்கிறது. எவ்வளவு தூரம் என்றால், வெள்ளைக்காரர் காலத்தில் எவ்வளவோ அவ்வளவு. அதனால்தான் 1861ஆம் ஆண்டுக் கல்கத்தா வழக்கு ஒன்றை வக்கீல்கள் இன்னும் எடுத்துப் பேசுகிறார்கள். கிதர்பூர் கப்பல் பட்டறையில் அரசு வேலையாட்கள் தூக்கிப்போன இரும்பை வழியில் சட்டென்று கீழே போட்டார்கள். சத்தத்தில் மிரண்ட வண்டிக்குதிரை காயம்பட்டது. குதிரைக்குச் சொந்தக்காரரான கப்பல் கம்பெனிக்கு 350 ரூபாய் கிடைத்தது. தனியாரும் செய்யக்கூடிய வேலையில் அரசு தவறினால் பணம் உண்டு, ஆளும் அதிகாரத்தில் செய்த வேலையென்றால் இல்லை என்று நீதிமன்றம் கோடு கிழித்தது.

அந்தக் கோடு மனிதர்களை எங்கே தள்ளும் என்பது 1964இல் தெரிந்தது. நாடு பிரிந்த 1947இல், மீரட்டுக்கு வந்த அமிர்தசரஸ் நகை வியாபாரியைப் போலீஸ் சந்தேகத்தில் பிடித்தது. அவரிடமிருந்த நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தைக் கைப்பற்றி வைத்தது. காவல் காக்க வேண்டிய தலைமைக் காவலர் தங்கத்தோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். போலீஸ் அஜாக்கிரதையாக இருந்தது என்பதை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் இறையாண்மைப் பணி, ஆகவே பணம் கிடையாது என்று முடித்தது. தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி கஜேந்திரகட்கருக்கே அது மனதுக்கு ஒப்பவில்லை. இதற்குச் சட்டம் இயற்ற வேண்டும் என்று எழுதினார். 1967இல் ஒரு மசோதா வந்து, நிறைவேறாமலேயே காலாவதியானது. இவ்வளவு பெரிய ஜனநாயகத்தில் இதற்கொரு பொதுச் சட்டம் இல்லாதது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

வழி திறந்தது பீகாரிலிருந்து. ருதுல் ஷா என்பவரை முசாபர்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் 1968 ஜூனில் விடுதலை செய்தது. அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1982 அக்டோபரில். பதினான்கு வருஷம்! விட்டாகிவிட்டது, பணம் வேண்டுமானால் சிவில் வழக்குப் போட்டுக்கொள் என்று உச்ச நீதிமன்றம் ஒதுங்கியிருக்கலாம். தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் 1983இல் அப்படி விடவில்லை. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது பிரிவு மீறப்பட்ட பிறகு வெறும் விடுதலை உத்தரவோடு நின்றால் அந்த உரிமைக்கு அர்த்தமே இருக்காது என்று கருதி, 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார். பறிபோன வாழ்க்கைக்கு அது ஈடே அல்ல. ஆனால் இந்தத் தொகையை வாங்கியதால் சிவில் வழக்குப் போடத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது ஒடிஷா. 1987 டிசம்பரில் போலீஸ் பிடித்துப்போன 22 வயதுப் பையன் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். தாய் நீலாவதி பெஹெரா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவானது. அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் இறையாண்மை என்ற கேடயம் செல்லாது என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்று காவல் மரணத்துக்காக உயர் நீதிமன்றங்கள் நஷ்டஈடு வழங்குவது இதன் பலத்தில்தான்.

இதே பாதையில் வந்ததுதான் சாக்கடைக் குழி மரணங்களுக்கான தொகை. 1993 முதல் அப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. உயிர் தப்பி நிரந்தர ஊனமானால் 20 லட்சம். மின்கம்பி விஷயத்திலும் 2002இல் நல்ல தீர்ப்பு வந்தது. யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால்தான் கம்பி விழுந்தது என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் வாதாடியது. ஆபத்தான பொருளைக் கையாளுகிறவர் தன் பக்கம் தவறில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

இனி, யாருக்காக இதையெல்லாம் கேட்டீர்களோ, வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வருவோம். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, சம்பவ இடத்தின் போட்டோ மூன்றையும் முதலில் கையில் வாங்கச் சொல்லுங்கள். நடந்தது என்ன என்பதில் பெரிய தகராறு இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் 226ஆவது பிரிவின்படி ரிட் மனு போடலாம். தகராறு இருந்தால் சிவில் வழக்குதான். அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தொடுக்க வேண்டும். மரணத்துக்கான நஷ்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருஷமே கெடு. துக்கத்திலும் அலைச்சலிலும் இந்தக் கெடுவைத்தான் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. அதற்கு முன்பே அதிகாரி யாராவது நிவாரணக் காசோலை கொண்டுவந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும்; ருதுல் ஷா வழக்கில் பார்த்தபடி அது வழக்குக்குத் தடையல்ல. பின்னால் நீதிமன்றம் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னால் இதைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று தயங்குவார். மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போய்வாருங்கள்.