ஓடி வென்ற பின் ஒரு தீர்ப்பு

கம்பம் பள்ளத்தாக்கிலே, சண்முகா நதி அணைக்கு அருகே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ளது ராயப்பன்பட்டி. அத்தகைய ஊர்களின் மைதானங்களில் சிறுமிகள் ஓடுவதைக் காணும்போதெல்லாம், புதுக்கோட்டைச் சீமையின் சாந்தி சௌந்தரராஜன் நம் நினைவுக்கு வருகிறார்.

கத்தக்குறிச்சியில் செங்கற் சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்தவர் அவர். 2006-ம் வருஷம் டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பெற்ற சூட்டோடு, 'இவர் பெண்தானா?' என்று வைத்திய சோதனை! சில தினங்களில் பதக்கம் பறிபோயிற்று. அவர் மருந்து உண்டாரா? இல்லை. எவரையேனும் ஏமாற்றினாரா? அதுவும் இல்லை. பிறவியில் அமைந்த உடல்வாகே குற்றமாயிற்று. அந்தரங்கமாக இருந்திருக்க வேண்டிய சோதனையோ பத்திரிகைகளில் அடிபட்டது. நம் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால் பொறுப்போமா?

2014-ல் ஒடிஸாவின் த்யுதி சந்தும் இவ்வாறே விலக்கப்பட்டார். அவருக்கு வழக்காட வழி கிடைத்தது. 2015-ல் விளையாட்டு நடுவர் மன்றம், போதிய சான்று இல்லையென்று அந்த விதியையே நிறுத்தி வைத்தது.

பெண்கள் பந்தயத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், விதியை முன்னரே அறிவித்து, மறுமொழி கேட்ட பின் தீர்ப்புச் சொல்வதன்றோ முறை?

சாந்தி 2012-ல் செங்கற் சூளையில் கூலி வேலை செய்தார். 2016-ல் தமிழக அரசு அவருக்கு நிரந்தரப் பயிற்சியாளர் உத்தியோகம் அளித்தது. பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.