இந்தியா போய்வர எது மலிவு? டிக்கட் விலையை மட்டும் பார்க்காதீர்கள்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கடைத்தெருவில் புடவை வியாபாரம் செய்பவன் நான். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது சக வியாபாரிகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இந்தியாவுக்குப் போய் கொஞ்சம் சாமான் எடுத்துவர எது காக்கா மலிவு, கப்பலா, பிளேனா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல இது. அப்படி ஒரு வார்த்தையில் முடிவெடுத்து நட்டப்பட்டவன் என்பதால், கணக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கண்முன்னே இவ்வளவு பெரிய துறைமுகம் இருந்தும், இந்தியாவுக்குப் பயணிகள் கப்பல் இங்கிருந்து ஓடுவதில்லை. வாப்பா காலத்தில் மதவாச்சிக்குப் போய் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடிப்பார்கள். 1914இல் தனுஷ்கோடிக்குத் தொடங்கிய அந்தச் சேவை, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்துக்கு மாறியது. 1980களில் யுத்தத்தோடு நின்றது. 2011 ஜூனில் தொடங்கிய கொழும்பு - தூத்துக்குடிக் கப்பல் அதே நவம்பரில் நின்றுவிட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் வந்தது. அதுவும் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் தொடங்கி, மாரிகாலத்தில் ஓய்ந்து, 2025 பெப்ரவரியில் மீண்டும் ஓடியது. சுமார் 110 கிலோமீற்றர் கடல். ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பயணம்.

ஆகவே கப்பலில் போக நினைப்பவர் முதலில் கட்டணத்தைக் கேட்கக்கூடாது. "நான் போகும் திகதியிலும் திரும்பும் திகதியிலும் ஓடுகிறதா?" என்றுதான் கேட்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றுக் காலம். அந்த நாட்களில் கடல் நம் அவசரத்தைப் பார்ப்பதில்லை.

விமானம் என்றால் கட்டுநாயக்காவிலிருந்து சென்னை, திருச்சி, மதுரை போகலாம். வடக்கே பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் விமானம் பறக்கத் தொடங்கியது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் விமானம் விட்டார்கள். நமக்குக் கொழும்பும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தூரம். எனவே இரண்டு பக்கமும் விசாரித்துப் பார்ப்பதே புத்தி.

இனி என் அனுபவம். சில வருடங்களுக்கு முன் பெருநாள் வியாபாரத்துக்காகக் கைமாற்று வாங்கிச் சென்னைக்குப் போனேன். கிடைத்ததிலேயே ஆகக் குறைந்த விலை டிக்கட். சௌக்கார்பேட்டையில் சேலையும் சுரிதாரும் வாங்கிக் கட்டினேன். திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்துப் பார்த்தால் 42 கிலோ. என் டிக்கட்டுக்கு அனுமதி 7 கிலோ கைப்பை மட்டும். அது டிக்கட்டிலேயே எழுதியிருந்தது. வாசிக்காதது என் பிழை. மிகுதிப் பொதிக்குக் கட்டிய காசு டிக்கட் விலையைத் தாண்டிவிட்டது. இங்கே சுங்கத்தில் கட்டிய வரி என் கணக்கில் இருந்தது, பொதிக்கூலி இருக்கவில்லை. அந்தப் பெருநாளில் சரக்கெல்லாம் விற்றது. ஆனால் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தபின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து நான்கு செலவுகளைக் கூட்டிப் பார்க்காமல் டிக்கட் எடுப்பதில்லை. ஒன்று, வீட்டு வாசலிலிருந்து கடை வாசல் வரை எல்லா வாகனக்கூலியும். இரண்டு, கொண்டுவரும் பொதிக்கான கூலி. மூன்று, தங்குமிடமும் சாப்பாடும். நான்கு, நான் இல்லாத நாட்களில் கடை இழக்கும் இலாபம்.

விளங்குவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. கொண்டுவர வேண்டியது 30 கிலோ. முதல் விமான டிக்கட் 40,000 ரூபா, 7 கிலோ அனுமதி. மிகுதி 23 கிலோவுக்குக் கிலோ 1,000 வீதம் சேர்த்தால் 63,000. இரண்டாவது டிக்கட் 52,000, ஆனால் 30 கிலோ அடங்கும். கப்பல், பொதியோடு 30,000. ஆனால் இரண்டு நாள் கூடுதலாகச் செல்கிறது. நாளொன்றுக்குத் தங்கும் செலவு 5,000, கடை இழக்கும் இலாபம் 8,000 என்றால் 26,000 ஏறி, மொத்தம் 56,000. மலிவாகத் தெரிந்த இரண்டையும் 52,000 டிக்கட் வென்றுவிடுகிறது. ஆனால் மகனோ தம்பியோ கடையைப் பார்த்துக்கொள்வதானால் அந்த 16,000 குறைந்து கப்பல் 40,000 ஆகிறது. அப்போது கப்பலே மலிவு! அடுத்த கடைக்காரர் போன வழி உங்களுக்கும் இலாபமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

விசாவிலும் கவனம் வேண்டும். இந்திய மின்விசா குறிப்பிட்ட நுழைவிடங்களில் மட்டுமே செல்லும். நீங்கள் இறங்கும் இடம் அந்தப் பட்டியலில் உண்டா என்று பார்த்தபின் டிக்கட் எடுங்கள். கொள்முதலுக்குப் போகிறவர் வர்த்தக விசா எடுப்பதே முறை.

கடைசியாக ஒன்று. விற்பனைக்கான சரக்கைச் சொந்தப் பாவனைப் பொதி என்று சொல்லி எடுத்துவர வேண்டாம். பிடிபட்டால் வரி, அபராதம், பறிமுதல் வரை போகும். சரக்கு கூடினால் மாதிரிகளை மட்டும் கையில் எடுத்துவந்து, மிச்சத்தைத் தூத்துக்குடி - கொழும்பு சரக்குக் கப்பலில் முறையான பில்லோடு அனுப்பச் சொல்லுங்கள். ஆள் ஒரு வழி, சரக்கு ஒரு வழி. எனக்கு இப்போது கட்டுப்படியாவது அதுதான்.

டிக்கட் எடுக்கப் போகுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் இந்த நான்கு செலவையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. எனக்கு அது ஒரு பெருநாள் இலாபத்தை விழுங்கிய பிறகுதான் புரிந்தது.