ஏரிக்கு விழுந்த கத்திரி!

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலீடோ என்று ஒரு நகரம். பொழுது விடிவதற்குள் ஓர் அறிவிப்பு வந்துவிட்டது: 'குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.' அதனாலென்ன, கொதிக்க வைத்துக் குடித்தால் போச்சு என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? அதற்கும் ஆப்பு. 'கொதிக்க வைக்கவும் கூடாது!'

ஏன் என்றால், தண்ணீரில் இருந்தது கிருமி இல்லை, விஷம். அந்த ஊருக்குத் தண்ணீர் தருவது ஈரி ஏரி. (பேரைப் பாருங்கள், நம்ம ஊர்க்காரர் யாரோ வைத்த மாதிரி!) அதில் மண்டிக் கிடந்த நீலப்பச்சைப் பாசி, மைக்ரோசிஸ்டின் என்ற நச்சைக் கக்கியிருந்தது. கல்லீரலைப் பதம் பார்க்கிற சமாசாரம். அடுப்பில் வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும். விஷம் பாத்திரத்திலேயே தங்கி இன்னும் கெட்டிப்படும். சுமார் 4 லட்சம் பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கடைகளில் பாட்டில் தண்ணீர் நொடியில் காலி. தேசியக் காவல்படை லாரியில் தண்ணீர் கொண்டுவந்தது. திங்கட்கிழமை காலையில்தான் தடை நீங்கியது. கண்ணுக்கு எதிரே கடல் மாதிரி ஏரி. குடிக்க ஒரு டம்ளர் இல்லை!

பாசி எங்கிருந்து வந்தது? வயலில் போட்ட உரத்திலிருந்து. மழை பெய்தால் பாஸ்பரஸ் கரைந்து, மௌமீ ஆறு வழியாக நேரே ஏரிக்குப் போகிறது. பாசிக்கு அதுதான் விருந்துச் சாப்பாடு. இதைத் தடுக்க வயலோரம் புல் வளர்க்க வேண்டும், தூர்ந்துபோன சதுப்பு நிலங்களை மீட்க வேண்டும், விவசாயிக்கு மானியம் தர வேண்டும். எல்லாம் பண விஷயம்.

பணமும் இருந்தது. ஈரியோடு சேர்த்து மொத்தம் ஐந்து பேரேரிகள். உலகத்தில் நிலத்தின் மேல் கிடக்கும் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான். 3 கோடிப் பேருக்கு மேல் குடிப்பது அந்தத் தண்ணீரை. அவற்றைச் சீரமைக்க 2010-ல், ஒபாமா காலத்தில், ஒரு திட்டம் தொடங்கினார்கள். முதல் வருஷம் 47.5 கோடி டாலர்; அப்புறம் வருஷத்துக்குச் சுமார் 30 கோடி. பி.காம். படித்த பழக்கதோஷம், வகுத்துப் பார்த்தேன்: தலைக்கு வருஷத்துக்கு 10 டாலர்கூட ஆகவில்லை.

2017 மார்ச்சில் டிரம்ப் அரசின் முதல் பட்ஜெட் யோசனை வந்தது. அந்த 30 கோடிக்கு நேரே பூஜ்யம். செஸபீக் விரிகுடாவைச் சுத்தப்படுத்த ஒதுக்கிய 7.3 கோடிக்கும் பூஜ்யம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்துக்கு 31 சதவீத வெட்டு. பாட்டரி, சூரிய மின்சாரம் என்று தனியார் தொடத் தயங்கும் ஆராய்ச்சிகளுக்குக் காசு கொடுக்கும் 'ஆர்ப்பா-இ'க்கு மூடுவிழா. ஏரியை அந்தந்த மாநிலமும் ஊருமே பார்த்துக் கொள்ளட்டும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏரிக்கு மாநில எல்லை தெரியாதே! கரையில் எட்டு மாநிலங்கள். ஒருவர் மிச்சம் பிடித்தால் பாசி பக்கத்து வீட்டில் முளைக்கும்.

சுற்றுச்சூழல் அமைப்புகள் கொதித்து எழுந்தன. இங்கேதான் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது. கோஷத்தோடு நிற்கவில்லை, கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 'ஹீலிங் அவர் வாட்டர்ஸ்' என்ற கூட்டணியில் நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள். இயற்கை ஆர்வலர்களோடு மீன்பிடிக்கிறவர்களும் உண்டு. டிரம்பின் சொந்தக் கட்சி எம்.பி.க்களின் கதவைத் தட்டினார்கள். மிச்சிகனில் டிரம்ப் ஜெயித்தது வெறும் 10,704 ஓட்டு வித்தியாசத்தில். ஏரிக்கரை ஓட்டு என்றால் எந்தக் கட்சிக்காரருக்கும் காது கூர்மையாகிவிடாதா?

கடைசியில் காங்கிரஸ் (கட்சி இல்லை ஸார், அவர்கள் பார்லிமெண்டுக்கு அதுதான் பெயர்) முழு 30 கோடியையும் கொடுத்தது. ஆர்ப்பா-இக்கு மூடுவிழா நடக்காதது மட்டுமில்லை, ஒதுக்கீடு 35.3 கோடியாக ஏறியது. மறு வருஷம் ஏரிக்கு 3 கோடி போதும் என்று யோசனை, அதுவும் எடுபடவில்லை. 2018-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒரு கணக்குப் போட்டார்கள்: திட்டத்தில் போட்ட ஒவ்வொரு டாலரும் 2036-க்குள் 3.35 டாலர் அளவுக்குப் பொருளாதாரத்தை வளர்க்கும். நம்ம ஃபிக்ஸட் டெபாசிட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

2019 மார்ச்சில் மூன்றாம் தடவையும் அதே 3 கோடி. அதே மாதம் 28-ம் தேதி மிச்சிகனில் பொதுக்கூட்டம். வழியில் காரிலேயே அவர் கட்சி எம்.பி.க்கள் மூன்று பேர் ஏரி விஷயத்தைக் காதில் போட்டிருக்கிறார்கள். மேடை ஏறிய டிரம்ப், அந்த ஏரிகள் அழகு, பெரிசு, ஆழத்திலோ சாதனை என்று புகழ்ந்துவிட்டு, முழுப் பணமும் உண்டு என்று அறிவித்தார்! அந்த வருஷக் கடைசியில் காங்கிரஸ் ஒதுக்கியது 32 கோடி.

பணம் வந்ததால் ஏரி பளிங்காகிவிட்டது என்று சொன்னால் அது பொய். டொலீடோவுக்கு அடுத்த வருஷமே, 2015-ல், பாசி இன்னும் மோசமாகப் படர்ந்தது. உரம் போடுவதைக் கட்டுப்படுத்தாமல் மானியம் மட்டும் கொடுத்தால் எத்தனை நாளைக்கு என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில், இருக்கிற காசையும் பிடுங்குவது இல்லையே.

அங்கே இந்தச் சண்டைக்கு அரை நூற்றாண்டு வயசு. 1969-ல் இதே ஈரியில் கலக்கும் கயஹோகா ஆறு தீப்பிடித்து எரிந்தது. ஆமாம், ஆறுதான், அவ்வளவு எண்ணெய்க் கழிவு. 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்தபோது, செலவு ஜாஸ்தி என்று அதிபர் நிக்ஸன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தினார். மறுநாளே காங்கிரஸ் அதை முறியடித்தது. மனுஷன் விடவில்லை. கழிவுநீர் நிலையங்களுக்கு இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துச் சட்டம் அனுமதித்தது 1,100 கோடி டாலர். 500 கோடிக்கு மேல் பிரித்துக் கொடுக்காதே என்று உத்தரவு போட்டார். நியூயார்க் நகரம் கோர்ட்டுக்குப் போனது. 1975 பிப்ரவரியில், முழுத் தொகையையும் பிரித்துக் கொடுத்தாக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னபோது நிக்ஸன் பதவியிலேயே இல்லை.

2025-ல் டிரம்ப் திரும்பவும் வந்தார். மே மாத யோசனையில் சுற்றுச்சூழல் நிறுவனத்துக்குப் பாதிக்கும் மேல் வெட்டு. அதற்கு முன்பே, ஜனவரியிலேயே, காங்கிரஸ் ஒதுக்கி முடித்த பணம் பலதும் நிறுத்திவைக்கப்பட்டது. அமைப்புகள் கோர்ட் படி ஏறின. வழக்கறிஞர்கள் தூசி தட்டி எடுத்த பழைய தீர்ப்புகளில், அந்த 1975 நியூயார்க் தீர்ப்பும் இருந்தது.