கழிமுகச் சேறு சொன்ன நிலநடுக்கம்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, வடக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை, சுமார் 1,000 கி.மீ. நீளத்துக்குக் கடலடித் தட்டு ஒன்று கண்டத்தட்டின் அடியில் நுழைகிறது. இதுதான் கஸ்காடியா. 2004-ல் சுமத்ரா அருகே விலகி, நம் கரைவரை சுனாமியை அனுப்பியதும் இதே வகைப் பிளவுதான். ஆனால் 1980-களின் தொடக்கம் வரை, கஸ்காடியாவில் பெரும் நிலநடுக்கம் வரும் என்பதைப் பலர் ஏற்கவில்லை. எழுத்தில் அப்படியொரு பதிவு இல்லை. எழுத்துப் பதிவுக்கே அங்கே வயது 200 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான்!

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பிரையன் அட்வாட்டர் 1986-ல் வாஷிங்டன் மாநிலக் கழிமுகங்களில் மண்ணை வெட்டிப் பார்த்தார். மேலே சாம்பல்நிறச் சேறு. அதன் கீழே, ஒருகாலத்தில் புல் முளைத்திருந்த கறுத்த மண். சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய மணற்படிவு. கடல் மெல்ல உயர்ந்திருந்தால் புல்மண் படிப்படியாகச் சேறாக மாறியிருக்கும். இங்கோ கோடு கிழித்தாற்போல் எல்லை. தட்டுகள் பூட்டிக்கொண்டிருக்கும்போது கரை மெல்லப் புடைக்கும். பூட்டு விட்டதும் சில நிமிடங்களில் ஓரிரு மீட்டர் தாழ்ந்துவிடும். சுனாமி மணலைக் கொட்டும். அதன்பின் ஒவ்வொரு ஓதத்திலும் கடல்நீர் ஏறிச் சேற்றைப் படியவைக்கும். ஆழமாகத் தோண்டினால் இதே அடுக்கு திரும்பத் திரும்ப வருகிறது.

கோபாலிஸ் ஆற்றங்கரையில் உப்புநீர் புகுந்து செத்த செந்தேவதாரு மரங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் வேர்களில் கடைசி வளர்ச்சி வளையம் 1699-ஆம் ஆண்டுக்குரியது. ஜப்பானிய ஊர்ப் பதிவுகளிலோ, நிலம் அதிராமலே 1700 ஜனவரியில் வந்த சுனாமி ஒன்று இருக்கிறது. கெஞ்சி சதாகேயும் உடன் ஆய்வாளர்களும் அந்த அலை கஸ்காடியாவிலிருந்து கடலைக் கடந்து வர எடுத்த நேரத்தைக் கழித்து, நிலநடுக்கம் நேர்ந்த நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்: 1700 ஜனவரி 26, இரவு சுமார் 9 மணி. அளவு ஏறத்தாழ 9.

வான்கூவர் தீவின் ஹூ-அய்-அட் பழங்குடியினர், குளிர்கால இரவொன்றில் நிலம் அதிர்ந்து பச்சீனா விரிகுடா ஊரையே கடல் கொண்டுபோனதாகத் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். அவர்கள் சொல்லை முன்பே காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

கடலடிச் சரிவுகளின் படிவுகளை ஆராய்ந்த கிறிஸ் கோல்ட்ஃபிங்கர் குழு, 10,000 ஆண்டுகளில் இந்தப் பிளவு ஏறக்குறைய முழுநீளத்துக்கும் விலகியது 19 முறை என்று கணக்கிட்டது. இடைவெளி ஒரே சீராக இல்லை. எனவே அடுத்தது எப்போது என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. வாஷிங்டனின் வெஸ்ட்போர்ட்டில் இருக்கும் ஒகோஸ்டா தொடக்கப்பள்ளி அதற்காகக் காத்திருக்கவில்லை. சுனாமி வந்தால் ஆயிரம் பேர் ஏறி நிற்கத்தக்க கூரையுடன் 2016-ல் அது திறக்கப்பட்டது.